அளவறிந்த மருத்துவர்

இங்கிலாந்து நாட்டின் மேற்குப் பகுதியில் சிராப்சயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கு வேனிற்காலத்தில் வேலியோரங்களிலும் காட்டின் விளிம்புகளிலும் ஒருவகைச் செடி நெடிதுயர்ந்து பூத்து நிற்கும். அதன் பூக்கள் செந்நீல நிறத்தன. விரல் நுழையும் அளவில் குழல் போன்று தொங்குவன. பூவின் உட்புறத்தில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் அமைந்திருக்கும். நாட்டுப்புற மக்கள் அதற்குப் பாக்ஸ்கிளவ், அதாவது நரியின் கையுறை, என்று பெயரிட்டனர். செருமானிய அறிஞர் பூக்ஸ் என்பவர் 1542ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் மூலிகை நூலில், விரல் என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லினின்றும் அதற்கு டிஜிட்டாலிஸ் என்னும் பெயரை அமைத்தார். பார்ப்பதற்கு அழகிய அச்செடி கொடிய நஞ்சுடையது; அதன் இலையை மிகுதியாக உண்டவர் உயிர் பிழைத்தல் அரிது. அந்நஞ்சையே மக்களைக் காக்கும் மருந்தாக்கியவர் வில்லியம் விதரிங் என்பவர்.

விதரிங், சிராப்சயரில் உள்ள வெலிங்டன் என்னும் சிற்றூரில் 1741ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிறந்தார். தந்தையார் எட்மண்டு அவ்வூரில் மருந்து கலந்து கொடுத்து நோய் தீர்த்து வந்தவர். தாய்வழி உறவினருள்ளும் மருத்துவர் இருந்தனர். ஆதலின் சிறுவர் வில்லியமும் அத்துறையையே மேற்கொள்வார் என்பது வீட்டார் அனைவரும் எதிர்பார்த்ததேயாகும். அவர் 1762ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகம் சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். அந்நாளில் மருத்துவக் கல்விக்கு அப்பல்கலைக்கழகம் ஐரோப்பா முழுவதிலும் புகழ்பெற்று விளங்கியது.

அங்கு அவருக்கு எல்லாப் பாடங்களும் இனித்தன. ஒன்று மட்டும் கசந்தது. அது செடிநூல். சிறந்த மாணவர்க்குப் பொற்பதக்கம் அளிப்பதாகச் செடிநூற் பேராசிரியர் அறிவித்திருந்தார். அப்பொன்னும் தம் உள்ளத்தில் அப்பாடத்தின்மீது எழுந்த வெறுப்பைப் போக்க வல்லதன்று என்று அவர் பெற்றோர்க்கு எழுதிய கடிதம் ஒன்றால் அறிகிறோம். பிற்காலத்தில் ஒரு செடியினால் உலகப் புகழ் எய்தப்போகும் ஒருவர் இங்ஙனம் எழுதினார் என்பது வியப்புக்குரியது. ஓய்வு நேரங்களில் அவர் குழல் வாசித்து மகிழ்ந்தார். 1766ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார்.

அடுத்த ஆண்டில் அவர் ஸ்டாபர்டு என்னும் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். ஆங்கு அவரிடம் மருத்துவம் பெற்ற இளம்பெண் ஒருத்தி எலினா குக்ஸ் என்பாள். அவள் ஓவியக் கலையில் வல்லவள்; பூக்களை வண்ணத்தில் தீட்டுவதில் பெருவிருப்பம் உடையவள். நோயுற்றிருந்த அவளால் வெளியே சென்று பூக்களைத் தேடுதல் இயலவில்லை. மருத்துவர், நோயாளரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், வயலோரங்களில் கண்ட மலர்களை அவளுக்காகப் பறித்துச் செல்லலானார். பறித்தவற்றின் பெயரையும் இனத்தையும் அறிந்து சொல்லவேண்டியும் வந்தது. பொற்பதக்கத்தால் வாராத செடிநூல் ஆர்வம் இவ்வாறு வந்து சேர்ந்தது. இருவரும் 1772ஆம் ஆண்டில் மணம் செய்துகொண்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், பிரிட்டனில் இயற்கையாக வளரும் செடிகொடிகளை எல்லாம் இலின்னேயசின் முறைப்படி வகுத்துரைக்கும் பெருநூலை இரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார் விதரிங். இலத்தீன் அறியாதவரும் செடிகளை அடையாளம் காணத் துணைபுரிந்தமையால், அந்நூல் அவர் வாழ்நாளிலேயே மூன்று பதிப்புகளைக் கண்டது.

1775ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இருவகையால் சிறப்புடையது. அவ்வாண்டில்தான் அவர் பர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்தார். நீராவிப் பொறியைச் சீர்திருத்திய ஜேம்சு வாட்டு, வேதியியல் அறிஞர் பிரீசுட்லி, மருத்துவர் எராசுமசு டார்வின் முதலிய பேரறிஞர்கள் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்தனர். அவர்கள் முழுநிலா நாளை ஒட்டி மாலையில் கூடி அறிவியல் பேசுவர். திரும்பும்போது நிலவொளி வழிகாட்டும். நிலாக் கழகம் என்று வழங்கிய அக்கூட்டத்தில் விதரிங்கும் ஓர் உறுப்பினரானார். மற்றொரு சிறப்பு, நரிக் கையுறைச் செடி அவர் கவனத்தை ஈர்த்ததாகும். அது நிகழ்ந்த விதத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

அந்நாளில் நீர்வீக்க நோய் மக்களை மிகுதியாக வருத்தி வந்தது. கால்கள் வீங்கும், வயிறு பருத்துக் குடம்போலாகும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், நோயாளர் படுக்கவும் இயலாது, உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவர். வயிற்றில் நீர் தேங்குவதை நம் நாட்டு மருத்துவர் பெருவயிறு என்றும் மகோதரம் என்றும் கூறுவர். உடலில் நீர் தேங்குவதற்குக் காரணம் ஒன்றன்று. நெஞ்சப்பை தளர்ந்தாலும் தேங்கும். சிறுநீரகம் கெட்டாலும் தேங்கும். கல்லீரல் சுருங்கி இறுகினாலும் தேங்கும். இவ்வேறுபாடுகளை அக்கால மருத்துவர் தெளிவாக அறிந்திலர். வீக்கத்தைக் கண்டார்கள், அதனையே நோய் என்று கொண்டு மருந்து கொடுத்தார்கள்.

சிராப்சயரில் மூதாட்டி ஒருத்தி இந்நோய்க்கு மருந்து கொடுத்து வந்தாள். அது குடும்ப மறைபொருளாகக் காக்கப்பட்டு வந்த மருந்து. கற்றறிந்த மருத்துவர் கைவிட்ட நோயாளருள் சிலர் அவள் மருந்தால் நலம் பெற்றனர். அந்தச் செய்முறையைப் பற்றி விதரிங்கின் கருத்தை ஒருவர் கேட்டார். அதில் இருபது மூலிகைகளோ அதற்கு மேலோ கலந்திருந்தன. அதனை உண்டவர்க்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாயின. செடிநூலில் தேர்ந்திருந்த விதரிங்குக்கு, அத்தனை இலைகளுள்ளும் வேலை செய்வது நரிக் கையுறை ஒன்றே என்று கண்டுகொள்வது அரிதாயில்லை. அம்மூதாட்டியின் பெயரை அவர் தம் நூலில் குறிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மருந்து விளம்பரம் ஒன்று அவளுக்கு ஒரு பெயரும் சூட்டி, இருவரும் சந்திப்பதாகப் படமும் எழுதிவிட்டது. அதனைப் பலர் வரலாறு என்றே நம்பிவந்தனர். உண்மையில் அம்மூதாட்டி இன்றும் பெயர் அறியப்படாதவளே.

மற்றொரு செய்தியும் அவர் செவிக்கு எட்டியது. ஆக்சுபோர்டில் கல்லூரித் தலைவர் ஒருவர் நெஞ்சில் நீர் கோத்து நலிவுற்றார். தலைசிறந்த மருத்துவர்கள் இனித் தம்மால் ஆவதொன்றில்லை என்று கைவிரித்தனர். அந்நிலையில் அவர் இச்செடியின் வேரை உண்டு பிழைத்தார் என்பதே அது. விதரிங் ஊக்கம் பெற்றார். ஆயினும் வேரை நாடவில்லை. இச்செடி இரண்டாண்டுகள் வாழ்வது. அதன் வேரின் ஆற்றல் வளர்ச்சிக்கு ஏற்ப மாறக்கூடும். மருந்தின் ஆற்றல் நாளுக்கு நாள் மாறுமாயின் அதனை அளந்து கொடுப்பது எங்ஙனம் என்று எண்ணியே அவர் இலையைத் தேர்ந்தார்.

இலையிலும் அதே இடர்ப்பாடு இருந்தது. ஒரு பருவத்து இலை வீரியம் மிக்கதாகவும் மற்றொரு பருவத்து இலை வீரியம் குறைந்ததாகவும் இருத்தலைக் கண்டார். ஆதலால் செடி பூக்கும் பருவத்தில் மட்டுமே இலை பறித்தல் வேண்டும் என்று வரையறுத்தார். காம்பையும் நடு நரம்பையும் நீக்கி, எஞ்சியதை வெயிலிலேனும் தீயின்முன் வைத்த தகரத் தட்டிலேனும் உலர்த்தச் செய்தார். நன்கு உலர்ந்த இலை, தேய்த்த அளவில் பசும்பொடியாக உதிரும்; அதன் எடை பச்சை இலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கினும் சற்றுக் குறையும். முதலில் அவர் இலையைக் காய்ச்சிக் குடிநீராகக் கொடுத்தார். காய்ச்சுபவரின் கவனத்தைப் பொறுத்தே அதன் வீரியம் அமைகின்றது என்பதையும், நெடுநேரம் கொதித்தால் சத்துக் கெடக்கூடும் என்பதையும் எண்ணி அம்முறையைக் கைவிட்டார். பின்னர்க் கொதிநீரில் ஊறவைத்து வடித்துக் கொடுத்தார். இறுதியில் பொடியை நிறுத்துக் கொடுக்கலானார். வளர்ந்தவர்க்கு ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை நாள்தோறும் இருமுறை என்பது அவர் கண்ட அளவு. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம்; ஒரு சிட்டிகையிலும் சிறிது.

இந்த அளவை அவர் எளிதில் அடைந்துவிடவில்லை. அவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் ஏழைகளுக்குப் பொருள் பெறாமல் மருத்துவம் செய்துவந்தார்; ஆண்டுதோறும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர்வரை அவரை நாடி வந்தனர். அவர்களுள் நீர்வீக்கமுற்றோர்க்கு இம்மருந்தைக் கொடுத்தபோது முதலில் அவர் பெரிதும் தவறினார். நம் நாட்டு நரிவெங்காயத்திற்கு இனமான ஸ்குவில் என்னும் கிழங்கு அங்கு நீர்பெருக்கும் மருந்தாக வழங்கியது. அது குமட்டல் உண்டாகும் அளவிற் கொடுத்தாலே நன்கு பயன்படும் என்பது மருத்துவர் கண்ட முடிபு. நரிக் கையுறையும் அவ்வாறே என்று கருதிய விதரிங், நோயாளர்க்குக் குமட்டல் வரும்வரை அதனை மிகுதியாகவும் நெடுநாளும் கொடுத்தார். அவர்கள் பட்ட துன்பத்தைக் கண்ட பின்னரே, வாந்தி இம்மருந்தின் நற்பயனுக்கு வேண்டுவதன்று, அதனைத் தடுப்பதே என்று உணர்ந்தார். கருவிகளோ ஆய்வுக்கூடமோ துணையாக இல்லாத அக்காலத்தில், நோயாளரின் நாடியும் முகமும் சிறுநீரின் அளவுமே அவர்க்கு ஏடுகளாயின. ஏழை மக்களின் உடல்மீதே அப்பாடம் கற்கப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. அவரும் தம் நூலில் அதனை மறைத்தாரில்லை.

அளவு தவறின் என்ன நேரும் என்பதை அவர் கண்ணாரக் கண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. யார்க்சயரிலிருந்து வந்த வணிகர் ஒருவரைப் பார்க்குமாறு அவரை ஒருநாள் அழைத்தனர். சென்று பார்த்தபோது அவ்வணிகர் இடைவிடாது வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்; கண்பார்வை மங்கியிருந்தது; நாடி நிமிடத்திற்கு நாற்பது முறையே துடித்தது. கேட்டறிந்ததில் உண்மை வெளிப்பட்டது. கணவரின் இரைப்பு நோயைப் போக்க விரும்பிய மனைவி, ஒரு பெரிய கைப்பிடி பச்சை நரிக் கையுறை இலையைச் சிறிதளவு நீரில் வேகவைத்து அந்நீரைக் கொடுத்திருக்கிறாள். அவரும் ஒரே மூச்சில் பருகிவிட்டார். அந்த அம்மையார் தம் நாட்டு மருந்தை நன்கு அறிந்திருந்தார். அதன் அளவை மட்டும் அறிந்தாரில்லை. கணவர் உயிர் பிழைத்தது அரும்பாடாயிற்று.

மருந்து மிகின் தோன்றும் குறிகளை விதரிங் ஒவ்வொன்றாகக் குறித்தார்: குமட்டல், வாந்தி, பேதி, தலைச்சுற்றல், காணும் பொருளெல்லாம் பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றுதல், நாடி முப்பத்தைந்து வரை குறைதல், குளிர்ந்த வியர்வை, வலிப்பு, மயக்கம், முடிவில் இறப்பு. எனவே அவர் ஒரு விதி செய்தார். மருந்தைச் சிறுசிறு அளவிற் கொடுத்துவருக; சிறுநீர் பெருகினாலும், வயிறு குமட்டினாலும், நாடி தளர்ந்தாலும், குடல் இளகினாலும், இந்நான்கனுள் எது முதலில் தோன்றுகிறதோ அப்பொழுதே நிறுத்துக என்பதே அவ்விதி. நோயாளரைக் கண்டே அளவை முடிவுசெய்யும் இம்முறை அதற்குமுன் இம்மருந்தைப் பயன்படுத்திய எவரிடமும் இருந்ததில்லை. இம்மருந்து யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதையும் அவர் நுணுகி நோக்கினார். நாடி தளர்ந்து விட்டுவிட்டுத் துடிப்பவர்க்கும் முகம் வெளுத்தவர்க்கும் அது விரைந்து பயன்தந்தது; வயிறு மட்டும் கல்போல் இறுகிப் பருத்தவர்க்குப் பெரும்பாலும் பயன்தரவில்லை. முன்னவரின் வீக்கம் நெஞ்சப்பையின் தளர்ச்சியால் வந்தது என்றும், கல்லீரல் கெடுவதால் வரும் பெருவயிற்றுக்கு இம்மருந்து ஏற்றதன்று என்றும் இன்று நாம் அறிவோம். விதரிங் காரணத்தை அறியாவிடினும் வேறுபாட்டைக் கண்டுவிட்டார்.

இதற்கிடையில் இம்மருந்தின் செய்தி பரவியது. 1783ஆம் ஆண்டில் எடின்பரோ மருந்து நூலிலும் அதற்கு இடம் கிடைத்தது. மருத்துவர் பலர் அளவறியாது கொடுக்கத் தொடங்கினர். இவர்கள் கையில் மக்கள் உயிர் இழப்பர், அன்றேல் நல்லதொரு மருந்து கொடிய நஞ்சு என்று தள்ளப்படும் என்று விதரிங் அஞ்சினார். அவ்வச்சமே அவரை எழுதத் தூண்டியது. பத்தாண்டுப் பட்டறிவைத் திரட்டி, நரிக் கையுறையைப் பற்றிய நூலை 1785ஆம் ஆண்டில் பர்மிங்காமில் வெளியிட்டார். இலைகளைப் பறிப்பவர் தவறாது அடையாளம் காணும்பொருட்டு அச்செடியின் வண்ணப் படத்தையும் சேர்த்தார். நூற்றைம்பதிற்கு மேற்பட்ட நோயாளரின் வரலாறுகள் அதில் உள்ளன. வெற்றி பெற்றவற்றை மட்டும் தேர்ந்து எழுதியிருப்பின் மருந்துக்கும் அவர்க்கும் பெரும்புகழ் கிடைத்திருக்கும். அவ்வாறு செய்தல் உண்மைக்கு மாறாகும் என்று அவர் கருதினார். ஆகவே மருந்து பயன்படாமற்போனவர், தம் தவற்றால் துன்புற்றவர், இறந்துபட்டவர் ஆகிய அனைவரையும் ஆண்டு வரிசையில் எழுதிவைத்தார். மருத்துவ நூல்களில் அந்நாளில் இது புதுமை. இந்நாளிலும் பெருவழக்கு என்று சொல்வதற்கில்லை.

இம்மருந்தால் அவர் ஒரு நண்பரை இழக்கவும் நேர்ந்தது. விதரிங்கைப் பர்மிங்காமுக்கு வருமாறு தூண்டியவர் எராசுமசு டார்வினே. 1776ஆம் ஆண்டில் நீர்வீக்கத்தால் இறக்கும் நிலையில் இருந்த ஒரு பெண்ணை இருவரும் சேர்ந்து பார்த்தனர். விதரிங் கூறிய நரிக் கையுறையால் அவள் பிழைத்தாள். டார்வின், மறைந்த தம் மைந்தரின் ஆராய்ச்சியை 1780ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, இம்மருந்தைப் பற்றிய குறிப்புகளை அதன் இறுதியில் சேர்த்தார். விதரிங்கின் பெயரைக் குறிக்கவில்லை. 1785ஆம் ஆண்டில் விதரிங்கின் நூல் வெளிவருமுன் இலண்டன் மருத்துவக் கழகத்திலும் அவ்வாறே செய்தார். அன்றுமுதல் இருவர் நட்பும் முறிந்தது; மீண்டும் ஒட்டவேயில்லை. டார்வின் பேரறிஞர்; பிற்காலத்து உயிர்நூல் மேதை சார்லசு டார்வினின் பாட்டனார். எனினும் இச்செயலில் அவர் பெருந்தன்மையைக் காண இயலவில்லை.

விதரிங்கின் அறிவு மருத்துவத்தோடு நிற்கவில்லை. லங்காசயர் ஈயச் சுரங்கத்திற் கிடைத்த பளுவான தாது ஒன்றை அவர் 1784ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். பேரியம் கார்பனேட்டாகிய அத்தாது அவர் பெயரால் விதரைட்டு என்று வழங்குகிறது. 1791ஆம் ஆண்டு பர்மிங்காமில் மூண்ட கலகத்தில் பிரீசுட்லியின் வீடும் ஆய்வுக்கூடமும் தீக்கிரையாயின. கலகக்காரர் விதரிங் வாழ்ந்த எட்சுபாசுடன் மாளிகைக்கும் வந்தனர். அவர் தம் நூல்களையும் உலர்செடித் தொகுப்பையும் வண்டிகளில் ஏற்றி, மேலே வைக்கோல் பரப்பி மறைத்து வெளியே அனுப்பினார். படை வந்து சேர்ந்தமையால் மாளிகை தப்பியது.

பலருடைய மூச்சுத் திணறலைத் தீர்த்த அவரையே நுரையீரல் நோய் பற்றியது. குளிர்காலத்து ஈரக்காற்றுக்கு அஞ்சி, 1792ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் போர்ச்சுகல் நாட்டிற்குச் சென்று தங்கினார். ஓய்வெடுக்கச் சென்ற இடத்திலும் ஓய்ந்திருந்தாரில்லை. அங்குள்ள வெந்நீர் ஊற்றொன்றின் நீரைப் பகுத்தாராய்ந்து எழுதினார். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைவுக்குப்பின் மருத்துவர் பலர் அவர் நூலைப் போற்றினரேயன்றி அவர் வகுத்த விதியைப் போற்றவில்லை. காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் கூட இவ்விலையை அளவிறந்து கொடுத்தனர். அவர் அஞ்சியவாறே நோயாளர் துன்புற்றனர். இலைக்கு இலை வீரியம் மாறுபடும் இடர்ப்பாட்டைத் தீர்க்க வேதியியலார் முயன்றனர். பிரெஞ்சு மருந்தாளர் நாட்டிவெல் 1860களின் இறுதியில் இலையிலுள்ள மருந்துப்பொருளைப் படிக வடிவிற் பிரித்தெடுத்தார். 1930ஆம் ஆண்டில் ஆங்கில வேதியியலார் சிட்னி சுமித்து, அச்செடியின் மற்றோர் இனத்திலிருந்து டிகாக்சின் என்னும் பொருளைப் பிரித்தார். அது தளர்ந்த நெஞ்சப்பையை வலிவுடன் சுருங்கச் செய்கிறது. மிகுதியாகத் துடிப்பதை மெதுவாக்குகிறது. குருதியோட்டம் சீர்படவே, தேங்கிய நீர் சிறுநீராக வெளியேறுகின்றது. விதரிங் கண்டது இவ்விறுதி விளைவையே. ஆயினும் இம்மருந்து நெஞ்சப்பையின் இயக்கத்தின்மீது வேறெம்மருந்துக்கும் இல்லாத ஆற்றல் உடையது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை.

டிகாக்சின் மாத்திரை இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது. உடலினின்றும் அதனை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. அதற்கு நெருங்கிய டிஜிடாக்சினையோ கல்லீரலே பெரும்பாலும் சிதைத்து அகற்றுகிறது. ஆகவே சிறுநீரகம் நலிந்தவர்க்கு டிகாக்சினின் அளவைக் குறைத்தல் வேண்டும். 1997ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு ஒன்றில், நெஞ்சப்பை தளர்ந்தவர் மருத்துவமனையில் சேர நேர்வதை இம்மருந்து குறைக்கிறது என்பதும், ஆயுளை நீட்டுவதில்லை என்பதும் தெரியவந்தன. நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி இம்மருந்தில் மிகச் சிறிது. ஆதலின் ஐயம் நேரும்போது மருத்துவர் நோயாளரின் குருதியை எடுத்து, அதில் எத்துணை மருந்து கலந்துள்ளது என்று அளந்து பார்க்கின்றனர்.

எட்சுபாசுடன் பழைய தேவாலயத்தில் விதரிங்குக்கு நினைவுக்கல் ஒன்று உள்ளது. அதில் அவர் பெயரால் வழங்கும் விதரிங்கியா என்னும் செடியும், அதனோடு நரிக் கையுறைப் பூங்கொத்தும் செதுக்கப்பட்டிருக்கின்றன.